பின்னல் இல்லாத கும்மி

ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள்.

பள்ளிக்கூடத்துப் பாரம்பரிய விழாவுக்கு இந்தத் தேதியைக் குறிச்சது நான்தான். திருத்தணியிலேயே பொறந்து வளர்ந்தவ, எனக்கே தோணல பாரு. நேத்து லீவுல மலைக்குப் போன பொண்ணுங்க, இன்னிக்குக் கும்மி ஆட மொட்டையும் சந்தனமுமா வந்து நிக்கறாங்க. பன்னெண்டு பேர்ல எட்டு பேர்! அந்தக் கும்மிக்கு அழகே கடைசியில பின்னலை முன்னால வீசறதுதான்.

"ஒரு வாரம் தள்ளிப் போட்டிருக்கக் கூடாதாடி?"ன்னு கத்திட்டேன்.

"வேண்டுதல் டீச்சர். அதைப் போய் தள்ளிப் போடுவாங்களா?"ன்னா ஏழாவது படிக்கிற சுகுணா.

ஹெட்மிஸ்ட்ரஸ் கும்மியே வேணாம்னாங்க. நான்தான் கெஞ்சி மேடையேத்தினேன். பின்னல் வீசற இடம் வந்துச்சு. எட்டு பேரும் ஒண்ணா மொட்டையை ஒரு தடவு தடவிட்டு, இடுப்புல கை வச்சுக்கினு நின்னாங்க. அப்பா, என்ன கைதட்டல்! ஹெட்மிஸ்ட்ரஸே விசில் அடிச்சாங்க.

வீட்ல வந்து தலை பின்னும்போதுதான் உறைச்சுது. வேலை கிடைச்சா மொட்டை போடறேன்னு வேண்டிக்கினவ நான். பசங்க சிரிப்பாங்கன்னு பதினோரு வருஷமா தள்ளிப் போட்டுக்கினு இருக்கேன்.

இனிமே அந்தச் சாக்கும் செல்லாது.