மெட்ராஸ் ஐ என்று ஒதுக்கிய கண்

மார்ச் 15, சனி இரவு. மதுரை மருத்துவமனை.

1. திங்கள், 10: பத்து நாள் சளியோடிருந்த என் மகளின் இடது கண் வீங்கியது. கொடைக்கானல் பள்ளி விடுதியின் செவிலி அதை மெட்ராஸ் ஐ என்று தீர்மானித்து, அவளைத் தனியறையில் அடைத்தார்.

2. செவ்வாய், 11: கடும் காய்ச்சல். கொடுத்தது கண்ணுக்குச் சொட்டு மருந்து மட்டும்.

3. புதன், 12: விடுதிக் காப்பாளர் தொலைபேசியில் பெருமையாகச் சொன்னது: "யாரையும் கிட்ட விடல சார். சாப்பாட்டக்கூட வாசல்லயே வெச்சிடுறோம்."

வியாழன் காலை நானே போய் அவளை மலையிறக்கி இங்கே கொண்டுவந்தேன். மருத்துவர் இமையைத் தூக்கினார்.

"அப்பா, டாக்டர் ரெண்டு பேரா தெரியுறாரு. ரெண்டு ஊசி போடுவாரா?" என்றாள்.

மருத்துவர் சிரிக்கவில்லை. "இது மெட்ராஸ் ஐ இல்லைங்க. சைனஸ் சீழு கண்குழிக்குள்ள எறங்கி, கண்ணையே முன்னால தள்ளுது. அசைச்சா வலிக்குதுன்னு பிள்ள யார்ட்டயும் சொல்லலையா?"

சொல்லியிருந்தாள். ஞாயிறு மாலை, தொலைபேசியில், என்னிடம். "பரீட்சை வந்தாலே உனக்கு ஏதாவது ஒண்ணு வந்துரும்," என்று வைத்துவிட்டேன்.

வியாழன் இரவே மூக்கு வழியாகச் சீழை வடித்தார்கள். பார்வை முழுதாகத் திரும்புமா என்று இன்னும் சொல்லவில்லை. இன்று மாலை வலது கண்ணை மூடி, சிவப்புப் பேனாவைக் காட்டினார்கள். பழுப்பு என்றாள்.

விடுதிக்கு அனுப்பவேண்டிய கடிதம் மேலே உள்ள மூன்று வரிகள்தான். ஞாயிற்றுக்கிழமையைச் சேர்க்காமல் அதில் கையெழுத்திட என்னால் முடியவில்லை. திங்கள் காலை பத்து மணிக்கு அந்தக் கண்ணை மறுபடி சோதிப்பார்கள். அதற்குள் விடுதி எனக்கு எழுத்துமூலம் பதில் தரவேண்டும், நான் அவளுக்கு.