நீ கழற்றாத கழுத்துத்துணி

இன்று காலை அடுப்படியில் கஞ்சி வாசனை. குடிக்கிற கஞ்சி இல்லை, துணிக்குப் போடுகிற கஞ்சி. வரும் ஞாயிற்றுக்கிழமை மூத்தவள் ரீத்தாவுக்குப் புதுநன்மை, கோயிலில் முதல் தடவையாக நற்கருணை வாங்கப்போகிறாள். அவளுடைய வெள்ளைக் கவுனை முக்கியெடுக்க என் வீட்டுக்காரி அந்தோணியம்மா காய்ச்சிக்கொண்டிருந்தாள். பெட்டியிலிருந்து கவுனை உருவும்போது அடியில் கிடந்த இன்னொரு வெள்ளைத் துணியும் கூடவே வந்துவிட்டது. சின்னவள் அதைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு விளக்குமாற்றின் மேல் ஏறி, வாசலுக்கும் கொல்லைக்குமாகக் குதிரை ஓட்டிக்கொண்டிருக்கிறாள். கழுத்தில் எத்தனை சுற்றுச் சுற்றியும் பின்னால் இன்னும் ஒரு முழம் தரையில் இழுபடுகிறது.

உனக்குப் புரிந்திருக்கும். உனக்காக நான் முதலில் தைத்துக் கெடுத்தேனே, அதே துணிதான்.

யுத்தம் முடிந்து நீ திரும்பி வந்த வருஷம் அது. ஏலாக்குறிச்சிப் பள்ளிக்கூடத்தில் நம் இரண்டு பேருக்கும் அஞ்சாம் வகுப்பு வரை ஒரே பலகை. அதற்கு மேல் படிப்புக்கு நம்மைப் பிடிக்கவில்லை. நான் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்தேன். நீ பண்ணையார் தொழுவத்தில் சாணி அள்ளி அலுத்துப்போய்ப் பட்டாளத்துக்கு ஓடினாய். குதிரைக்குப் புல் போடச் சேர்ந்தவன், குதிரை ஏறுகிறவனாகத் திரும்பி வந்து என் மிஷின் முன்னால் நின்றாய்.

"சூசை, கழுத்துல கட்டிக்க வெள்ளத்துணி ஒண்ணு தைக்கணும்டா. அரியலூர்ல குதிரைக் காட்சி வைக்கிறாங்க. எங்க கேப்டன் துரை வரச்சொல்லியிருக்காரு."

"குதிரைக்கா, உனக்கா?"

"எனக்குத்தான்டா, வெண்ண."

பந்தயம் என்று நினைத்துக்கொண்டு, நான் யார் மேல் பணம் கட்டலாம் என்று கேட்டேன். நீ தலையில் அடித்துக்கொண்டாய். இதற்கு 'டிரஸாஜ்' என்று பேர், குதிரை பறக்கக்கூடாது, சொன்னபடி நடக்க வேண்டும், வட்டம் போட வேண்டும், நிறுத்தினால் கல் மாதிரி நிற்க வேண்டும் என்றாய். "மேல உக்காந்திருக்கறவன் என்ன சொல்றான்னு பாக்கறவனுக்குத் தெரியக்கூடாது. குதிரைக்கு மட்டும் தெரியணும்." என் வீட்டில் நடப்பு இதற்கு நேர் எதிர். நான் சொல்வது தெருவுக்கே கேட்கும், பெற்ற பிள்ளைகளுக்கு மட்டும் கேட்காது.

நன்றாக ஓட்டினால் பெங்களூரில் குதிரை பழக்குகிற வேலை தருகிறேன் என்று கேப்டன் சொல்லியிருந்தார். குடியிருக்க வீடும் உண்டு. இல்லையென்றால் உனக்கு மறுபடி பண்ணையார் தொழுவம்தான். அதை நீ சிரித்துக்கொண்டே சொன்னாய். ஆனால் கையிலிருந்த பீடி அணைந்துபோனது உனக்குத் தெரியவில்லை.

கழுத்துக்கு என்ன ஆகும், என்ன ஆகாது என்று பாடம் எடுத்தாய். துணி வெள்ளையாக இருக்க வேண்டும். சங்கிலி, பாசிமணி, கலர்த்துணி எதுவும் கூடாது. "கழுத்துல கிடக்கற மாதா உத்தரியக் கயித்த மட்டும் கழட்ட மாட்டேன்னுட்டேன். கேப்டன் சட்டைக்குள்ள கிடக்கட்டும்னாரு." துணி எதற்கு என்று கேட்டேன். விழுந்து கை ஒடிந்தால் தூளி கட்டலாம், குதிரைக்கு அடிபட்டால் காலில் சுற்றலாம் என்றாய். இத்தனை வேலை செய்கிற துணி பெரிதாகத்தான் இருக்க வேண்டும் என்று நான் தாராளமாக வெட்டித் தைத்துக் கொண்டுவந்தேன். நீ பிரித்தாய், பிரித்தாய், பிரித்துக்கொண்டே இருந்தாய்.

"கழுத்துக்குக் கேட்டேன்டா. தேருக்கா கேட்டேன்?"

இரண்டாவதில் அளவு சரியாக வந்தது. ஆனால் மொடமொடப்பாக இருக்கட்டும் என்று அந்தோணியம்மாவிடம் சொல்லி இரண்டு தடவை கஞ்சி போட வைத்துவிட்டேன். கட்டிக்கொண்ட உன்னால் குனிந்து செருப்பைக்கூடப் பார்க்க முடியவில்லை. முடிச்சு நகராமலிருக்கக் குத்துகிற ஊசியை நான் மேலும் கீழுமாகக் குத்தினேன். "விழுந்தா தொண்டையில ஏறிடும்டா, நான் உனக்கு என்ன பாவம் பண்ணேன்?" என்று நீயே பிடுங்கிப் படுக்கைவாட்டில் குத்திக்கொண்டாய்.

காட்சியன்று அரியலூர் மைதானத்தில் கயிறு கட்டி, முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள். நடுவில் கேப்டன். அவருக்குப் பக்கத்தில், பந்தலுக்குப் பணம் கொடுத்த பெரிய மனிதராக நம் பண்ணையார். அவரைக் கண்டதும் என் தோளில் கிடந்த துண்டு இடுப்புக்கு இறங்கிவிட்டது. நான் இறக்கியதாக நினைவே இல்லை. நம் தெருக்காரன் அவர் எதிரே தோளிலோ கழுத்திலோ துணி போட்டிருக்கக் கூடாது. இது யாரும் எழுதி வைத்த சட்டமில்லை. எழுதாததால் அழிக்கவும் வழியில்லை.

நீ ராணியின் பிடரியைத் தடவிக்கொண்டு நின்றாய். நல்ல செவலைக் குதிரை. பண்ணையாரின் காரியஸ்தர் கயிற்றைத் தாண்டி வந்தார்.

"டேய், ஐயா முன்னால உக்காந்திருக்காரு, கண்ணு தெரியுதா? கழுத்துல இருக்கறத அவுத்து இடுப்புல கட்டிக்கிட்டு ஏறு."

"இது இல்லாட்டி உள்ள வுடமாட்டாங்க, சாமி."

"அப்ப ஏறாத. உங்கப்பன் குடிசை யாரு மண்ணுல நிக்குதுன்னு ஞாபகம் இருக்கட்டும்."

உன் அப்பா அந்த மழைக்காலம் முழுக்க இருமலோடு அந்தக் குடிசையில் கிடந்தவர். நீ அவிழ்த்துவிடுவாய் என்றுதான் நினைத்தேன். உண்மையைச் சொன்னால், அவிழ்த்துவிடேன்டா என்றும் நினைத்தேன். நீ ராணியின் சேணவாரை ஒரு துளை இறுக்கினாய். பிறகு நல்ல பணிவோடு சொன்னாய்.

"ஐயாவுக்கு மரியாதை குறையாதுங்க. கழுத்துல இருக்கறது என்னங்க, அற்பம். அவரு முன்னால நின்னு தலையில இருக்கறதையே எடுத்துடறேன்."

காரியஸ்தர் யோசித்தார். கழுத்தைவிடத் தலை உசத்திதானே? கணக்கு அவருக்குச் சரியாக வந்தது. போய்விட்டார்.

நீ உள்ளே போனாய். என் கஞ்சியின் உபயத்தில் தலை நிமிர்ந்தே இருந்தது என்று நான் ஊரில் சொல்லித் திரிந்தேன். அது பொய். கஞ்சி வியர்வையில் எப்போதோ நனைந்து குழைந்துவிட்டது. தலை உன்னுடையது. ராணி நடந்தாள், வட்டம் போட்டாள், குறுக்கே கால் மாற்றிப் பக்கவாட்டில் போனாள். உன் கை அசைந்ததை நான் பார்க்கவில்லை. கடைசியில் கேப்டனுக்கு நேர் எதிரே கல்லாக நிறுத்தி, தொப்பியை எடுத்துத் தொடையருகே தாழ்த்தித் தலை குனிந்தாய்.

பண்ணையார் முகம் மலர்ந்தது. எழுந்து நின்று, கையைத் தூக்கி ஆசீர்வாதமே பண்ணிவிட்டார். கேப்டனுக்குச் செய்த சலாம் அது என்று அவரிடம் யார் சொல்வது?

உனக்கு அடுத்து ஒரு மிராசுதார் மகன் ஏறினான். அவனும் அதே இடத்தில் நிறுத்தித் தொப்பியை எடுத்தான். அவனுக்குப் பிறகு ஒரு வெள்ளைக்காரன், அவனும் எடுத்தான். கழுத்துத்துணியில் ஒருவனும் கை வைக்கவில்லை. அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. பிறகு நான் கேட்டபோது நீ சொன்னாய்: "எல்லாரும் எடுக்கறத நானும் எடுத்தேன். நம்மள மட்டும் எடுக்கச் சொல்றத எடுக்கல. அவ்ளோதான்."

பரிசு அந்த வெள்ளைக்காரனுக்குப் போனது. வேலை உனக்கு வந்தது. கேப்டன் கை கொடுத்ததும் நேரே என்னிடம் வந்தாய், முகமெல்லாம் வியர்வை. என்னை மேலும் கீழும் பார்த்தாய்.

"இடுப்புல என்னடா கட்டியிருக்க? வவுத்து வலியா?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். துண்டை அவிழ்த்தேன், முகத்தைத் துடைத்தேன், அக்குளில் இடுக்கினேன். தோளுக்குப் போக அது அன்று பெரிய பிரயாணம் செய்தது. ரயில்வே கேட்டைத் தாண்டிய பிறகுதான் போய்ச் சேர்ந்தது. நீ பார்த்தும் பார்க்காதவன் மாதிரி முன்னால் நடந்தாய். காரியஸ்தருக்கு விஷயம் விளங்குவதற்குள் அப்பாவையும் அம்மாவையும் பெங்களூருக்கு ரயிலேற்றிவிட்டாய்.

போன மாசம் உன் பெண்சாதி வந்து, நீ காய்ச்சலில் போன விவரத்தைச் சொல்லி அழுதாள். அடக்கத்தின்போது கழுத்தில் வெள்ளைத்துணி கட்டித்தான் வைத்தார்களாம். "ஊசிய எப்படிக் குத்துனீங்க?" என்று கேட்டேன். துக்க வீட்டில் கேட்கிற கேள்வியா அது? அவள் அழுகையை நிறுத்திவிட்டு, "படுக்கைவாட்டுலதாண்ணே" என்றாள்.

வெள்ளைக்காரன் போய்விட்டான், பண்ணையார் போகவில்லை. நேற்றுகூட அவர் வண்டி என் மிஷின் பக்கமாக வந்தது. ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. வண்டிச் சத்தம் கேட்டதும் என் கை இன்னும் தானாகவே தோளுக்குத்தான் போகிறது. போய், துண்டின் மடிப்பைச் சரிசெய்துவிட்டுத் திரும்பி வருகிறது.