இரண்டாவதாகப் பிறந்தவர்கள் பதிவில் விடுபட்டது குறித்து

அனுப்புநர்:
முன்னாள் முதுநிலை ஆப்பரேட்டர் (ஓய்வு),
பிறப்புப் பதிவுப் பிரிவு.

பெறுநர்:
கண்காணிப்பாளர் அவர்கள்,
மகப்பேறு மருத்துவமனை.

பொருள்: பதிவறையின் பழைய கணினியை வெள்ளிக்கிழமை அப்புறப்படுத்துவதை நிறுத்திவைக்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் பதிவறையில் இருபத்தாறு ஆண்டுகள் பணிபுரிந்து சென்ற ஆண்டு ஓய்வு பெற்றேன். அங்கே துணி போர்த்திக் கிடக்கும் பழைய கணினியை இயக்கத் தெரிந்தவர்களில் இன்று மிச்சமிருப்பவள் நான் ஒருத்திதான்.

2. அந்தக் கணினியின் இயங்குதளமே ஒரு பதிவேடு. சுவிட்சைப் போட்டால் நேரே பதிவுகளில் போய் நிற்கும். வேண்டியதை ஒரு வாக்கியமாகத் தட்டினால் எடுத்துக் காட்டும். ஒவ்வொரு தாய்க்கும் ஓர் எண். அதில் 'குழந்தை' என்று ஒரு கட்டம். இரட்டையர் என்றால் அந்த ஒரே கட்டத்தில் இருவரையும் அடுத்தடுத்து எழுதலாம். புதிய கணினியில் ஒரு கட்டத்துக்கு ஒரு விவரம் மட்டுமே.

3. சென்ற ஆண்டு, நான் ஓய்வு பெறும் தறுவாயில் பதிவுகளைப் புதிய கணினிக்கு மாற்றியபோது முதல் குழந்தை மட்டும் போய்ச் சேர்ந்தது. இரண்டாவது கழன்றுவிட்டது. தாய்மார் எண்ணிக்கையைச் சரிபார்த்தோம், ஒன்றுகூடக் குறையவில்லை. 'அனைத்தும் சரி' என்ற சான்றில் கையெழுத்திட்டவள் நான். குழந்தைகளை எண்ண எனக்குத் தோன்றவில்லை.

4. சென்ற மாதம் தையல் வேலை செய்யும் இளம்பெண் ஒருவர் தன் இரட்டைச் சகோதரியுடன் பிறப்புச் சான்று கேட்டு வந்தார். சகோதரிக்கு உடனே கிடைத்தது. இவரிடம் கவுண்டரில், "உங்க அக்கா இருக்காங்க. நீங்க பொறந்ததாவே காட்டலையேம்மா" என்றார்களாம். யாரோ வழிகாட்டி என் வீட்டுக்கு வந்தார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "அப்ப நான் யாரும்மா?" என்று கேட்டபோது அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

5. மறுநாள் காலை, பதிவறை எழுத்தரின் அனுமதியுடன் பழைய கணினியை இயக்கினேன். அந்தத் தையல்காரப் பெண் அதில் இருந்தார். ஒன்றுக்கு மேற்பட்ட குழந்தை உள்ள பதிவுகளை எல்லாம் கேட்டேன். பச்சை எழுத்துகள் ஓடிக்கொண்டே இருந்தன: ஆயிரத்து முந்நூற்றுப் பதினெட்டு.

6. இதை எழுதலாமா வேண்டாமா என்று வெகுநேரம் யோசித்தேன். அந்தப் பட்டியலில் என் எண்ணும் உண்டு. முதலாவது என் மகன். இரண்டாவது பெண்; ஆறு நாள் இருந்தாள். வீட்டில் அவளுக்கு ஒரு புகைப்படம்கூடக் கிடையாது. பணியிலிருந்த காலமெல்லாம் காலையில் முதல் வேலையாக என் எண்ணைத் தட்டி அவள் வரியைப் பார்த்திருக்கிறேன். இது விதிமீறல் என்பதை அறிவேன். "போதும், விட்டுடும்மா" என்று என் கணவர் பலமுறை சொல்லியிருக்கிறார். பட்டியல் எடுத்த அன்றே புதிய கணினியிலும் என் எண்ணைப் போட்டுப் பார்த்தேன். ஒரே குழந்தை என்று வந்தது. அன்றிலிருந்து வீட்டில் எதை எண்ணினாலும் ஒன்று குறைவதாகவே படுகிறது.

7. பிரிவு அலுவலரிடம் முறையிட்டேன். கணினியை எடுத்துப்போகப் பழைய இரும்புக்கடைக்காரருக்கு நாள் சொல்லியாகிவிட்டது, பாதிக்கப்பட்டவர்கள் நேரில் வந்து விண்ணப்பிக்கட்டும் என்றார். வர இயலாதவர்களும் அதில் இருக்கிறார்கள் ஐயா.

8. எனவே இரண்டு வார அவகாசம் தந்து, அத்தனை பதிவுகளையும் தாளில் அச்சிட அனுமதிக்க வேண்டுகிறேன். ஊதியம் வேண்டாம். ஒவ்வொரு முறையும் அந்தக் கணினி எழுந்திருக்கக் கூடுதல் நேரம் எடுக்கிறது. தாமதித்தால் எழாமலே போகலாம்.

9. என் மகளின் பதிவில் பெயர்க் கட்டம் காலியாக உள்ளது. எங்களுக்குள் ஒரு பெயர் சொல்லி அழைத்தோம். அதைச் சேர்த்துவிடும் வசதி இத்தனை ஆண்டும் என் கையில் இருந்தது, சேர்க்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை. 'பெண், இரண்டாவது' என்று இருப்பதை இருந்தபடியே எழுதிக்கொண்டால் போதும்.

உத்தரவு வரும்வரை வெளிக்கூடத்தில் அமர்ந்திருப்பேன்.

இடம்: மருத்துவமனை வெளிக்கூடம்
நாள்: புதன்கிழமை, முற்பகல்

இப்படிக்கு,
(கையொப்பம்)
முன்னாள் முதுநிலை ஆப்பரேட்டர்