ஊசிக்குப் பிறகு அப்பாவின் கை

வெள்ளவத்தை,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் சாரங்கனுக்கு அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் எங்களுக்கு இருக்கிற சுகத்தோடு இருக்கிறோம், அங்கே நீயும் மருமகள் ரூபிகாவும் நோய்நொடி இல்லாமல் இருக்கப் பிள்ளையாரைக் கும்பிடுகிறேன். போனில் எல்லாம் கதைக்கிறோமே, பிறகு கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நீ எடுக்கிற நேரமெல்லாம் அப்பா பக்கத்துக் கதிரையிலேயே இருக்கிறார், அவருக்கு முன்னால் சொல்ல முடியாத விஷயம் ஒன்று இருக்கிறது. கனகேஸ்வரி அக்காவின் மகள் வியாழக்கிழமை லண்டனுக்குத் திரும்புகிறாள், அவளிடம் கொடுத்துவிடுகிறேன்.

அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்து இந்த ஆவணியோடு இரண்டு வருஷம். அப்பாவின் வலது கை இறுகிப் போயிருந்ததை நீ வீடியோவில்தான் பார்த்தாய். விரல்கள் மடங்கி நகம் உள்ளங்கையில் குத்திப் புண்ணாகி, கழுவப் போனால் முழங்கை வரைக்கும் நோ ஏறும் என்பார். நகம் வெட்டுகிற நாளில் இரண்டு பேருமே ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை. அதற்காகத்தான் தசையைத் தளர்த்துகிற ஊசி போடலாம் என்று டாக்குத்தர் சொன்னார். முன்னங்கையில் ஐந்து இடத்தில், ஸ்கான் மெஷினில் தசையைப் பார்த்துப் பார்த்துப் போட்டார்கள். இரத்தம் உறையாமல் இருக்க அவர் எடுக்கிற குளிசையைப் பற்றி முதலே கேட்டு எழுதிக்கொண்டார்கள். நர்ஸ், ரிதெனவாத அங்கிள் என்று சிங்களத்தில் கேட்க, நோகுதோ எண்டு கேக்கிறா என்று அப்பா எனக்கு மொழிபெயர்த்தாரே தவிர நோகுது என்று சொல்லவில்லை. அன்றைக்கே வீட்டுக்கு விட்டுவிட்டார்கள். இரண்டு நாள் ஊசி போட்ட இடம் கன்றி இருந்தது, கொஞ்சம் களைப்பு, வேறொன்றுமில்லை. விழுங்கவோ மூச்செடுக்கவோ கஷ்டமாக இருந்தால் உடனே கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள், அதனால் அவர் ஒவ்வொரு வாய் சோறு விழுங்குவதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் கிழமை ஒரு மாற்றமும் இல்லை. பத்தாம் நாள் குளிக்க வார்க்கும்போது பெருவிரல் இலேசாக விலகியது. மூன்றாம் கிழமை கை முழுக்க விரித்து எடுக்கக்கூடியதாக இருந்தது, புண்ணும் காய்ந்துவிட்டது, நகம் வெட்டும்போது நோகிறதென்று சொல்வதில்லை.

இனித்தான் சொல்ல வந்த விஷயம். ஊசி போட்டால் கை வந்திடும் அப்பா, திரும்பவும் படம் கீறலாம் என்று நீ போனில் சொன்னாய். நில அளவைக் கந்தோரில் முப்பத்தைந்து வருஷம் காணி வரைபடம் கீறிய மனிசன், அந்த ஒரு சொல்லுக்காகத்தான் ஆஸ்பத்திரிக்கு வரச் சம்மதித்தார் என்று நினைத்தேன். டாக்குத்தர் சொன்னது வேறு. ஊசி போட முதல், அப்பா திரைக்கு அந்தப் பக்கம் கட்டிலில் படுத்திருக்க, என்னைக் கூப்பிட்டு, அம்மா, இது இறுக்கத்தையும் நோவையும் குறைக்கும், கைக்குப் பெலன் குடுக்காது, மூண்டு நாலு மாதத்தால திரும்ப இறுகும், திரும்பவும் போட வேணும் என்று தெளிவாகச் சொன்னார். அதை நான் அப்பாவிடம் சொல்லவில்லை. சொன்னால் எழும்பி வந்துவிடுவார் என்று பயந்தேன்.

கை விரிந்த அடுத்த நாள் அப்பா இடது கையால் ஒரு பென்சிலை எடுத்து வலது கையில் வைத்தார். விழுந்தது. நாலு தரம் வைத்தார், நாலு தரமும் விழுந்தது. நான் குசினியில் இருந்து பார்த்தேன், கிட்டப் போகவில்லை. அதோடு விரல்களை நிமிர்த்திக் கட்டுகிற மட்டையைக் கழற்றிக் கட்டிலுக்குக் கீழே போட்டுவிட்டார், பயிற்சியும் இல்லை. பயிற்சி கொடுக்க வருகிற ஸமீமா, லிப்ட் பழுதென்று நாலு மாடி ஏறி வந்து, ஐயா, ஊசி வேலை செய்யிற நேரம் நீட்டி எடுக்காட்டி போட்டதில பிரயோசனம் இல்ல என்று கெஞ்சிப் பார்த்தாள். அப்பா சுவரைப் பார்த்தபடி இருந்தார். அவள் இறங்கிப் போய்விட்டாள்.

ஆறு நாள் பொறுத்தேன். ஏழாம் நாள் பின்னேரம் தேத்தண்ணியைக் கொண்டுபோய் வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன், டாக்குத்தர் இப்பிடித்தான் சொன்னவர், நான்தான் உங்களிட்ட மறைச்சனான் என்று. அப்பா தேத்தண்ணிக் கோப்பையை இடது கையால் தள்ளி வைத்தார். பிறகு, எனக்கும் கேட்டது, திரைதானே, சுவரில்லையே என்றார். அப்ப ஏன் பேசாமல் இருந்தனீங்கள் என்று கேட்டேன். நீயும் அவனும் நம்பிக்கொண்டிருக்கிறியள் எண்டு நினைச்சன், அதை நான் எப்பிடிக் கெடுக்கிறது என்றார். வலது கையை மடியில் எடுத்து வைத்து, எண்டாலும் பென்சிலை வைச்சுப் பாக்காமல் இருக்க ஏலேல்லை என்றார். தேத்தண்ணி ஆறிப்போய் வேறு போட்டுக் கொடுத்தேன். அடுத்த நாள் ஸமீமாவுக்கு அவரே போன் எடுத்து வரச் சொன்னார். அடுத்த ஊசி கார்த்திகை முதல் கிழமை, அதையும் அவரே கலண்டரில் குறிக்கச் சொன்னார்.

உன்னில் பிழை சொல்லவில்லை ராசா, நானும் அதைத்தான் செய்தேன். ஆனால் இனி எடுக்கும்போது கை வேலை செய்யுதோ என்று கேட்காதே. நோ எப்பிடி அப்பா என்று கேள். அதற்கு அவரிடம் நல்ல பதில் இருக்கிறது.

ரூபிகாவை இரும்புக் குளிசை விடாமல் போடச் சொல்லு. நீங்கள் இரண்டு பேரும் ஒரு குறையும் இல்லாமல் வாழ எங்கள் இருவருடைய ஆசீர்வாதமும்.

அன்போடு,
அம்மா
சுபோதினி நவரத்தினம்