தலையில் வைத்த பூ

அம்மாவுக்கு, தாராவியிலிருந்து பேராச்சி வணங்கி எழுதுவது. நான் சுகம். உன் முட்டுவலி எப்படி இருக்கிறது? போனில் பேசினால் உனக்குக் காது கேட்பதில்லை, அதனால் எழுதுகிறேன். தம்பி ஹரி வாசித்துக் காட்டுவான்.

பெரிதாக ஒன்றுமில்லை. எங்கள் தையல் பட்டறைப் பூசையில் தலை நிறையப் பூ வைத்து ஆடினேன். கூட வேலை பார்க்கும் பானுமதி வீடியோ எடுத்து, எல்லாரும் பார்க்கிற மாதிரி போட்டுவிட்டாள். யார் யாரோ கறுப்பி, குண்டு என்று கமெண்ட் எழுதினார்கள். "பப்ளிக்ல போட்டா நாலு பேரு பேசத்தான்க்கா செய்வாங்க, சோடோ, விட்டுத்தள்ளுங்க" என்றாள். நானும் சிரித்துவிட்டேன்.

பேர் போடாத ஒருவன் மட்டும், "புருசன் செத்தவளுக்குப் பூ ஒரு கேடா" என்று எழுதியிருந்தான். இங்கே எல்லாரிடமும் அவர் துபாயில் இருப்பதாகத்தான் சொல்லியிருந்தேன். பட்டறை சேட்டும் அதைப் படித்துவிட்டார். இப்போது எல்லாரும் கிளம்பிய பிறகு என்னை மட்டும் இருந்துவிட்டுப் போகச் சொல்கிறார்.

உனக்குக் காட்டச் சொல்லி அந்த வீடியோவை ஊரில் ஹரி ஒருவனுக்குத்தான் அனுப்பியிருந்தேன். காட்டினானா?

கொஞ்சம் கருவாடு அனுப்பு. உன் பழைய சேலை ஒன்றும் வை, துவைக்காமல்.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

ஹரி, எதையும் முழுங்காமல் அம்மாவுக்குக் கேட்கிற மாதிரி சத்தமாக வாசி. உனக்குப் பேசி முடித்திருக்கிற கோகிலவாணி வீட்டுக்கும் இதையே எழுதிப் போட்டிருக்கிறேன். இந்நேரம் அங்கேயும் நாலு பேர் பேசிக்கொண்டிருப்பார்கள்.

பேராச்சி