மூன்றாவது இன்னிங்ஸில் எழுந்துபோகிறவர்

செடாலியா, மிசூரி
ஆகஸ்ட் 12, 1957

அன்புள்ள அர்லீனுக்கு,

நான் நலம். நீயும் உன் தங்கை லூசிலும் நலமென்று நம்புகிறேன். நீ அவள் வீட்டுக்குப் போய் மூன்று மாதமாகிறது. திரும்பி வா என்று கேட்க இதை எழுதவில்லை. கேட்டால் வரமாட்டாய் என்று தெரியும். வேறொரு உதவி வேண்டும்.

எங்கள் பேஸ்பால் கிளப்பின் முதலாளி இந்த வருடம், என்னைப்போல் புது ஆட்டக்காரர்களைத் தேடிப் பிடிக்கும் எல்லா ஸ்கவுட்களுக்கும் ஒரு வேலை வைத்திருக்கிறார். இருபது வயதுக்குக் கீழே, இன்னும் எந்தக் கிளப்பிலும் கையெழுத்துப் போடாத பையன்களில் ஒன்பது பேரைப் பொறுக்கி, ஆளுக்கொரு கனவு அணியை நவம்பருக்குள் எழுதித் தரவேண்டும். இருபத்தாறு வருடமாக ஊர் ஊராகப் புழுதி மைதானங்களில் வேர்க்கடலை தின்றுகொண்டு நான் தேடியது இந்த ஒன்பது பேரைத்தான் என்று தோன்றுகிறது.

எட்டுப் பேர் கிடைத்துவிட்டார்கள். பந்து வீச ஓர் இடது கைக்காரன். விடியற்காலையில் முப்பது மாடு கறந்துவிட்டு வந்து, மத்தியானம் எவன் மட்டையிலும் பந்து படவிடமாட்டான். மட்டைக்காரனுக்குப் பின்னால் உட்கார்ந்து பந்து பிடிக்கும் கேட்சர் ஒரு வாயாடி. மட்டையோடு நிற்கிறவனிடம், "உங்க அக்காவுக்குக் கல்யாணமாமே, எனக்கு ஒரு வார்த்தை சொல்லலியே?" என்பான். அவன் திரும்பிப் பார்ப்பதற்குள் பந்து இவன் கையில் இருக்கும். உனக்கு அவனை மிகவும் பிடிக்கும்.

ஒன்பதாவது ஆள் ஷார்ட்ஸ்டாப். இரண்டாம் தளத்துக்கும் மூன்றாம் தளத்துக்கும் நடுவே நின்று பாய்கிறவன். அந்த இடத்துக்கு உங்கள் கார்வர் ஊர்ப் பையன் டெல்மர் பிக்கெட்டைத் தவிர யாரையும் என்னால் நினைக்க முடியவில்லை. ஏப்ரலில் பள்ளிக்கூட ஆட்டத்தில் பார்த்தேன். தரையோடு வந்த பந்தை விழுந்து பிடித்து, முழங்காலில் இருந்தபடியே முதல் தளத்துக்கு எறிந்தான். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஆனால் முன் வரிசையில் எதிரிக் கிளப்பின் ஸ்கவுட் ரஸ் ஹோல்கம் உட்கார்ந்து என்னையே நோட்டம் விட்டுக்கொண்டிருந்தான். எனக்குப் பிடித்தது அவனுக்குத் தெரியக்கூடாதென்று வழக்கம்போல் கொட்டாவி விட்டு, ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில் மூன்றாவது இன்னிங்ஸிலேயே எழுந்து போய்விட்டேன்.

இப்போது டெல்மர் ஆட்டத்தையே விட்டுவிட்டானாம். ஏனென்று விசாரித்துச் சொல்.

உன்,
விர்ஜில்

*

கார்வர்
ஆகஸ்ட் 25, 1957

விர்ஜிலுக்கு,

மூன்று மாதம் கழித்து ஒரு கடிதம். அதிலும் முக்கால் பங்கு மற்றவர் வீட்டுப் பிள்ளைகள். இருந்தாலும் அந்த வாயாடிக் கேட்சரைப் படித்துவிட்டு லூசிலுக்குக் கேட்கும்படி சிரித்துவிட்டேன். அதற்காக உங்களை மன்னித்ததாக எண்ண வேண்டாம்.

டெல்மர் மாவு மில்லில் மூட்டை தூக்குகிறான். மெலிந்த பையன், தலைமுடியெல்லாம் மாவு. ஏன் விளையாடுவதில்லை என்று கேட்டேன். முதலில் மழுப்பினான். பிறகு சொன்னான்:

"ஏப்ரல்ல ஒரு ஸ்கவுட் வந்தாருங்க. சாம்பல் கலர் தொப்பி. எங்க கோச் சொன்னாரு, இந்த ஸ்டேட்லயே அவரு கண்ணுதான் கண்ணுன்னு. என் வாழ்க்கையில அப்படி ஒரு பந்து பிடிச்சதில்ல, இனிமேயும் பிடிக்கப்போறதில்ல. நிமிர்ந்து பாக்கறேன், மனுசன் கொட்டாவி விட்டுட்டு எழுந்து போறாரு. அதுவே அவரை உக்கார வைக்கலைன்னா அப்புறம் என்னங்க இருக்கு?"

"அது அவங்க தொழில் தந்திரம்ப்பா. பிடிச்ச ஆளைப் பாக்கவே மாட்டாங்க" என்றேன்.

"அது எனக்கு எப்படிங்க தெரியும்?" என்றான்.

 எனக்கும் அது தெரியாமல்தானே பாதி வாழ்க்கை போனது? கல்யாணமான புதிதில் என்னை ஆட்டங்களுக்கு அழைத்துப் போனீர்கள். என்மேல் ஆசை என்று நினைத்தேன். பெண்டாட்டியோடு பொழுதுபோக்க வந்தவர்போலத் தெரியத்தான் அழைத்தீர்கள் என்று ரஸ் ஹோல்கம் சொல்லித்தான் தெரிந்தது. இந்த ஈஸ்டருக்குத் தேவாலயத்தில் முதல் தடவையாக நான் தனியாகப் பாடினேன். இரண்டாவது வரியில் எழுந்து வெளியே போனீர்கள். ஊரே பார்த்தது.

அந்தப் பையன் ஆட்டத்தை விட்டான். நான் வீட்டை விட்டேன். இரண்டு பேருக்கும் காரணம் ஒன்றுதான்.

அர்லீன்

*

செடாலியா
செப்டம்பர் 3, 1957

அர்லீன்,

உன் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பாய்.

ஈஸ்டர் அன்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. உன் குரல் அப்படி இருக்குமென்று எனக்குத் தெரியாது. பக்கத்தில் இருந்தவர்கள் பார்த்துவிடுவார்களே என்று எழுந்தேன். வாசலில் கார் மறைவில் நின்று கடைசிவரை கேட்டேன். வீட்டுக்கு வந்ததும் அதைச் சொல்லியிருக்க வேண்டும். வறுத்த கோழிக்கு உப்புப் போதவில்லை என்று சொன்னேன். மிகவும் பிடித்ததைப் பார்த்தால் முகத்தைத் திருப்பு என்று இருபத்தாறு வருடம் பழகிய கழுத்து இது. வீட்டிலும் அப்படியே திரும்பிவிட்டது.

செப்டம்பர் 15 ஞாயிற்றுக்கிழமை மில் அணிக்கு ஓர் ஆட்டம் இருக்கிறதாம். ஒரே ஓர் ஆட்டம் ஆடும்படி டெல்மரிடம் சொல்வாயா? நான் வருவேன் என்றும் சொல். நீ வரவேண்டும் என்று கேட்க எனக்கு முகமில்லை.

விர்ஜில்

*

செடாலியா
செப்டம்பர் 18, 1957

அன்புள்ள அர்லீனுக்கு,

பையனை ஆட வைத்ததற்கு நன்றி. நீ வரவில்லை. வருத்தம்தான், குறை சொல்லவில்லை.

முதல் வரிசை நடுவில், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ரஸ் பக்கத்தில் வந்து, "என்ன விர்ஜில், உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றான். மூன்றாவது இன்னிங்ஸ் வந்தபோது கால் தானாக எழப் பார்த்தது. பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். டெல்மர் அப்போது என்னைத்தான் பார்த்தான். அதன் பிறகு அவன் ஆடியதை எழுத என்னிடம் வார்த்தை போதாது. ஐந்து மாதம் மூட்டை தூக்கிய கை என்று யாரும் சொல்லமாட்டார்கள். எட்டாவது இன்னிங்ஸில் ஒரு பந்தைப் பாய்ந்து பிடித்தபோது எழுந்து நின்று கத்தினேன். ஆமாம், நான்தான்.

ஒன்பது இன்னிங்ஸும் முடிந்ததும் பையன் என்னிடம் வந்தான்.

"சார், இன்னிக்கு ஏன் போகலை?"

"போக மனசு வரலைப்பா. அன்னிக்கும் வரலை."

கையுறையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். பிறகு கை கொடுத்தான்.

நான் கத்தியதைக் கேட்ட பிறகு ரஸ் சும்மா இருப்பானா? என் முதலாளி போனை எடுப்பதற்குள், பிக்கெட் வீட்டுச் சமையலறையிலேயே கையெழுத்து வாங்கிவிட்டான். நல்ல கிளப்தான். பையன் ஆடுவான், அது போதும். என் கனவு அணியில் ஒன்பதாவது பெயராக டெல்மரையே எழுதி, "இவன் இனி நமக்கில்லை, ஆனாலும் இவனில்லாமல் இது என் அணி இல்லை" என்று குறிப்பும் வைத்து இன்றே அனுப்பிவிட்டேன். முதலாளி திட்டுவார். திட்டட்டும்.

உன்,
விர்ஜில்

*

கார்வர்
செப்டம்பர் 22, 1957

அன்புள்ள விர்ஜில்,

நான் வந்திருந்தேன். எதிர்ப்பக்கம், கடைசி வரிசையில், லூசிலின் அசிங்கமான பச்சைத் தொப்பியைப் போட்டுக்கொண்டு. மறைந்திருந்து பார்க்க யாரிடம் கற்றேன் என்று உங்களுக்குத் தெரியும்.

டெல்மர் அற்புதமாக ஆடினான் என்று ஊரே பேசுகிறது. நான் பாதிதான் பார்த்தேன். மீதி நேரம் உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது இன்னிங்ஸில் பெஞ்சைப் பிடித்துக்கொண்டீர்களே, அதையும் பார்த்தேன்.

நவம்பரில் நன்றி செலுத்தும் திருநாள் அன்று இங்கே தேவாலயத்தில் பாடச் சொல்லியிருக்கிறார்கள். தனியாகத்தான். என் பெட்டியையும் அன்றைக்கே கட்டி வைக்கிறேன். காரில் பின் இருக்கையைக் காலி செய்து கொண்டுவாருங்கள். முன் பெஞ்சில் நடுவில் உங்களுக்கு இடம் சொல்லி வைத்திருக்கிறேன். பாட்டு நான்கு சரணம். கண் கலங்கினால் கலங்கட்டும், அங்கேயே உட்கார்ந்திருங்கள்.

உங்கள்,
அர்லீன்