பெரிய இதயக்காரருக்கு

அன்பு மச்சானுக்கு, சர்புன்னிசா சலாம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் நம்ம மகள் ஹம்னாவும் சுகம். உங்க சுகத்தை உங்களிடம் கேட்கப் போவதில்லை. உங்க ரூமில் இருக்கிற ஷஃபி எல்லாம் சொல்லிட்டான். அவனைத் திட்டாதீங்க. போனில் கேட்டால் டவர் இல்லை என்று வைத்துவிடுவீங்க. அதனால்தான் துபாய்க்குத் திரும்புகிற முஹ்சின் கையில் இதைக் கொடுத்து அனுப்புறேன்.

மழை பிடித்துவிட்டது, உப்பளம் பூரா தண்ணீர். ஹம்னா கணக்கில் எழுபது மார்க் எடுத்திருக்கிறாள். நான் அஞ்சாவதோடு நின்றவள்தான், அதுக்காக அதை உங்க மூளை என்று சொல்லாதீங்க.

இங்கே பக்கத்துத் தெருக் கடைக்கே ஸ்கூட்டர் கேட்ட ஆள், அங்கே போய் நாற்பது கிலோமீட்டர் ஓடுறீங்க. அந்த ஓட்டப் பந்தயத்துக்கு மெடிக்கல் சர்டிபிகேட் வாங்கப் போன கிளினிக்கில், நாடித்துடிப்பு நாற்பத்து நாலுதான், இதயம் பெருசா இருக்குது என்று சொன்னார்களாம். முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. கறிக்குழம்பில் எனக்கு ஒரு நல்லி எலும்பு மிச்சம் வைக்காத மனுசனுக்குப் பெரிய இதயமா? அப்புறம் என் நாடியைப் பிடித்து எண்ணினேன். எண்பத்தெட்டு. உங்க பங்கையும் நானே துடிக்கிறேன் போல.

ஷஃபி அனுப்பின ரிப்போர்ட்டைப் பாண்டியில் ஒரு டாக்டரிடம் காட்டினேன். வருசக்கணக்கில் தூரம் ஓடுகிறவர்களுக்கு இதயம் கொஞ்சம் பெருத்து, ஒரு துடிப்பிலேயே நிறைய ரத்தம் தள்ளுமாம். அதனால் மெதுவாகத் துடிக்குமாம். பெரும்பாலும் பயமில்லையாம். ஆனால் சிலருக்கு நோயாலும் பெருக்குமாம். “இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுக்காம எதுன்னு சொல்ல முடியாதும்மா. அதுவரைக்கும் ஓட வேணாம்னு சொல்லுங்க” என்றார்.

அங்கே கிளினிக்கிலும் எடுக்கச் சொன்ன அந்த எக்கோவுக்குத்தான் நீங்க மூன்று வாரமாகப் போகவில்லையாம். நோய் என்று வந்தால் கம்பெனி அனுப்பிவிடும் என்ற பயம். உடம்பு நல்லாத்தான் இருக்குது என்று காட்ட, முன்னைவிட அதிகமா ஓடுறீங்களாம். யாருக்குக் காட்ட, மச்சான்?

வேலை போனால் போகட்டும். ஒரு கடை போட்டுப் பிழைத்துக்கொள்ளலாம், கல்லாவில் நான் உட்காருறேன். எக்கோ எடுங்க. நல்லதா வந்தால் எவ்வளவு வேணுமோ ஓடுங்க, தடுக்க மாட்டேன். வேற மாதிரி வந்தால் எனக்குத்தான் முதலில் சொல்லணும், ஷஃபிக்கு இல்லை. பயத்தைத் தனியா சுமக்கிறதுக்கா என்னை நிக்காஹ் பண்ணீங்க?

அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுசைத் தரட்டும். அதை என் கண்ணுக்கு எட்டுகிற தூரத்தில் தரட்டும்.

உங்க
சர்புன்னிசா